நான் சிலுவையில ஏறப் போன தவக்காலம்

இந்த முறை நான் சிலுவையில ஏறுறது எண்டு முடிவெடுத்திட்டன். பங்குச் சுவாமி சம்மதம். அண்ணாவியார் சம்மதம். மார்கிறட் ஒராள்தான் மிச்சம்.

மார்கிறட் என்ர மனுசி. பதினாலு வருசமா. அவளின்ர சம்மதம் ஏன் தேவை எண்டு கேக்கிற ஆள் ஆரும் இருந்தால், அவர் கலியாணம் கட்டாத ஆளாத்தான் இருக்க வேணும்.

முதல்ல என்ர உடம்பைப் பற்றிச் சொல்ல வேணும். சொல்லுறதுக்குக் கனக்க இல்லை, அதுதான் பிரச்சினை. நாப்பத்தொரு வயசு, நாப்பத்தாறு கிலோ. ஒருக்காக் காய்ச்சல் எண்டு ஆஸ்பத்திரிக்குப் போனன். அங்க இருந்த நேர்ஸ் பிள்ளை என்னைத் தராசில ஏத்திப் பார்த்திட்டு, இறங்கச் சொல்லிப் போட்டு, தராசைக் காலால ரெண்டு தட்டுத் தட்டிச்சுது. பிறகு தானே ஏறிப் பார்த்துது. தராசில பிழையில்லை எண்டு தெரிஞ்சோடன அந்தப் பிள்ளையின்ர முகம் பேயைக் கண்ட மாதிரிப் போச்சு. நான் காய்ச்சலுக்கு வந்தனான் எண்டதையே ரெண்டு பேரும் மறந்து போனம்.

கரைவலை இழுக்கப் போனால் என்னைக் கயிற்றின்ர கடைசித் தொங்கலிலதான் விடுவினம். மரியதாஸ் சம்மாட்டி, அவர்தான் வலைக்குச் சொந்தக்காரர், ஒவ்வொரு நாளும் ஒரே பகிடிதான். ஸ்ரீபன் கயிற்றைப் பிடிச்சிருக்கிறானோ, கயிறு ஸ்ரீபனைப் பிடிச்சிருக்கோ எண்டு கேப்பார். சம்மாட்டியின்ர பகிடிக்குச் சிரிக்காமல் ஏலாது, அதால எல்லாரும் சிரிப்பினம். நானும் சிரிப்பன். பக்கத்து வீட்டுப் பிலோமினாக்கா அப்பிடியில்லை, அவா உண்மையான அக்கறை. சோளகக் காத்து துவங்கினால் வேலிக்கு மேலால எட்டிப் பார்த்து, மடியில ஒரு கல்லைக் கட்டிக்கொண்டு போ தம்பி எண்டு சொல்லுவா.

எனக்கு இதெல்லாம் பழகிப் போச்சு. பழகாத ஆள் மார்கிறட். ஏனெண்டால் என்னைக் கேக்கிறது பகிடி, அவளைக் கேக்கிறது குற்றச்சாட்டு. கோயில் வாசலில, கிணத்தடியில, சங்கக்கடை வரிசையில, எங்க போனாலும் ஒரே கேள்வி. ஏன் பிள்ளை, மனுசனுக்குச் சோறு போடுறேல்லையோ? மார்கிறட் நல்ல வாட்டசாட்டமான ஆள். ரெண்டு பேரும் சேர்ந்து பூசைக்குப் போனால், என்ர பங்கையும் அவள்தான் சாப்பிடுறாள் எண்டு சனம் கண்ணாலயே சொல்லும்.

சத்தியமாச் சொல்லுறன், நான் மூண்டு கோப்பை சோறு தின்னுற ஆள். சுறா வறையிலயும் நண்டுக் குழம்பிலயும் அவளின்ர கைக்கு எங்கட கரையில ஆளில்லை. தின்னுறது எங்க போகுதெண்டு எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. வயித்துப் பூச்சியாக்கும் எண்டு மூண்டு தரம் பூச்சி மருந்து தந்தாள். பூச்சி இல்லை. உளுத்தங்களி தந்தாள், நல்லெண்ணெயில முட்டை அடிச்சுத் தந்தாள். வவுனியாவில இருந்து ஒரு ரொனிக் போத்தல் எடுப்பிச்சாள். வழி முழுக்கச் சோதனைச் சாவடியளில எத்தினையோ பேர் மூடி திறந்து மணந்து பார்த்து விட்ட போத்தல். பாதியைக் குடிச்சிட்டு எனக்கு ஏலாதெண்டிட்டன். இவ்வளவு பாடுபட்டு வந்ததை வீணாக்கக் கூடாதெண்டு மிச்சத்தை அவள் குடிச்சாள். அவளுக்குத்தான் அது பிடிச்சுது. அண்டையில இருந்து கோயிலுக்கு வாறேக்க என்னை விட்டு நாலடி தள்ளித்தான் நடப்பாள்.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு, தவக்காலம் துவங்கிற விபூதிப் புதனுக்கு முதல் கிழமை, செபமாலை அண்ணாவியார் வீட்டுக்கு வந்தார். எங்கட கரையில கூத்தும் நாடகமும் பழக்கிறவர் அவர்தான். சண்டையால இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, பத்து வருசமாப் பெரிய வெள்ளிக்குப் பாஸ்கு போடேல்லை. யேசுநாதர் பிடிபட்டதில இருந்து சிலுவையில உயிர் விடுமட்டும் நடிச்சுக் காட்டுற நாடகம். இந்த வருசம் எப்பிடியும் போட வேணும் எண்டு சுவாமி சொல்லிட்டாராம். பிலாத்து இருக்கிறான், யூதாஸ் இருக்கிறான், அடிக்கிற சேவகர் தேவைக்கு மேலால இருக்கினம். யேசுதான் இல்லை. பத்து வருசத்துக்கு முந்தி யேசுவா நடிச்சவர் மரியதாஸ் சம்மாட்டி. அவருக்கு இப்ப வயிறு தள்ளிப் பெரிய வண்டி. சிலுவை தாங்கினாலும் சனம் அழாது.

நான் வெறும் மேலோட முத்தத்தில இருந்து கிழிஞ்ச வலை பொத்திக்கொண்டிருந்தன். அண்ணாவியார் கதைச்ச கதையைப் பாதியில விட்டிட்டு என்னையே பார்த்தார். எழும்பி என்னை ஒருக்காச் சுத்தி வந்தார். குனிஞ்சு என்ர விலா எலும்பை ஒவ்வொண்டா எண்ணத் துவங்கினார். பன்ரண்டு வந்தோடன ஆளின்ர கண் கலங்கிப் போச்சு.

"ஸ்ரீபன், இந்த உடம்பை இவ்வளவு காலமும் எங்கயடா ஒளிச்சு வைச்சிருந்தனீ?"

நாப்பத்தொரு வருசத்தில என்ர உடம்பைப் பார்த்து ஒரு மனுசன் நல்ல வார்த்தை சொன்னது அண்டைக்குத்தான். இந்த எலும்பைக் கண்டால் பிலாத்துவா நடிக்கிறவனே அழுவான் எண்டார். எனக்கும் அழுகை வந்துது. தராசுக்கு நான் காணாது, கயிற்றுக்குக் காணாது, காத்துக்கும் காணாது. நான் சரியான அளவா இருக்கிற ஒரேயொரு இடம் அந்தச் சிலுவைதான். அதை விடுவனோ?

ஆனால் மார்கிறட்டையும் யோசிக்க வேணும். பெரிய வெள்ளிக்கு எங்கட கரைச் சனம் முழுக்க வரும். அவளின்ர தாய் வரும். அளம்பிலில இருந்து அவளின்ர இனசனம் வரும். அவ்வளவு பேருக்கும் முன்னால, வெளிச்சம் போட்டு, அவளின்ர மனுசன்ர பன்ரண்டு எலும்பையும் காட்டப் போறம். பெரிய சண்டை வரும் எண்டு எனக்குத் தெரியும். ஆயத்தமாத்தான் இருந்தன். சொல்லுறதுக்குப் பதினொரு நியாயம் யோசிச்சு வைச்சிருந்தன்.

அண்ணாவியார் போனாப் பிறகு மார்கிறட் குசினிக்குள்ள இருந்து தேத்தண்ணியும் ஒரு துண்டுப் பனங்கட்டியும் கொண்டு வந்தாள்.

"என்னவாம் அண்ணாவியார்?"

"இந்த முறை நான்தான் யேசு."

"சட்டையோடயோ?"

"சிலுவையில ஆர் சட்டையோட தொங்கினது?"

குனிஞ்சு என்ர விலாவில ஒட்டியிருந்த வலைத் தும்பை எடுத்து எறிஞ்சாள். பிறகு, "நல்லது தானே. நடியுங்கோ," எண்டாள்.

பனங்கட்டி தொண்டைக்குள்ள நிண்டிட்டுது. பதினாலு வருசத்தில நான் கேட்ட ஒண்டுக்கும் அவள் முதல் தரத்திலயே ஓம் எண்டு சொன்னதில்லை. பதினொரு நியாயமும் வீணாப் போச்சு.

அண்டைக்குப் பின்னேரம் வந்து பக்கத்தில இருந்தாள். தங்கட தகப்பன் சொல்லுறவராம், யேசுவா நடிக்கிற ஆள் தவக்காலம் நாப்பது நாளும் யேசு மாதிரியே சீவிக்க வேணுமாம். இல்லாட்டிச் சிலுவையில கட்டேக்க கயிறு அறுமாம். நியாயமான கதைதானே எண்டு நானும் தலையாட்டினன்.

"அப்ப பீடி?"

"விட்டன்."

"கள்ளு?"

இதுக்குக் கொஞ்சம் நேரமெடுத்துது. "விட்டன்."

"கோவம்?"

"எனக்கெங்க கோவம் வாறது?"

"ஆரும் வந்து ஒரு உதவி கேட்டால், ஏலாதெண்டு அவர் எப்பவாவது சொன்னவரோ?"

"இல்லை."

"சரி," எண்டாள். அந்தச் சரிக்குள்ள ஏதோ கிடக்கெண்டு நான் அப்பவே யோசிச்சிருக்க வேணும்.

விபூதிப் புதன் காலமை நெத்தியில சாம்பலோட வீட்டுக்கு வாறன், முத்தத்தில நூறு கிடுகு அடுக்கிக் கிடக்கு. மூண்டு வருசமா நாளைக்கு, நாளைக்கு எண்டு நான் தள்ளிக்கொண்டு வந்த குசினிக் கூரை. வாயைத் திறந்தன். மார்கிறட் சுவரில தொங்கின யேசுநாதர் படத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் கூரையில ஏறினன்.

கூரை முடிய வேலி. வேலி முடிய அவளின்ர தம்பி வீட்டுக் கக்கூஸ் கிடங்கு. நல்ல தண்ணிக் கிணறு எங்கட வீட்டில இருந்து அரைக் கட்டை தூரம். காலமையும் பின்னேரமும் குடத்தோட பொம்பிளையளின்ர வரிசையில நிண்டன். ஒவ்வொரு தரமும் ஏலாதெண்ட சொல்லு எனக்கு வாய் வரைக்கும் வரும். ஒவ்வொரு தரமும் அவள் சுவரைப் பார்ப்பாள். மரியதாஸ் சம்மாட்டிக்கு விசயம் எட்டி, வலையடியில வைச்சு என்ர ஒரு கன்னத்தில தட்டிப் போட்டு, மற்றதைக் காட்டடா எண்டார். காட்டினன். அதிலயும் தட்டினார்.

எனக்கு ஒரு பயம் மட்டும் இருந்துது. இவள் என்னை நல்லாத் தீத்திக் கொழுக்க வைச்சு, அந்த எலும்புகளை மூடிப் போடுவாளோ? வாழ்க்கையில முதல் தரமா எனக்கு உடம்பு வைச்சிடுமோ எண்டு பயந்தன். கிழமைக்கு ஒருக்கா வலை நூலால நெஞ்சை அளந்து பார்த்தன். தவக்காலம் எண்டு அவள் தந்தது கஞ்சியும் சம்பலும்தான். அஞ்சாம் கிழமை அரை விரல் குறைஞ்சிருந்துது. எனக்கு அப்பாடா எண்டு இருந்துது.

யேசுவின்ர அங்கியைத் தானே தைக்கிறன் எண்டாள். ரெண்டு படுக்கை விரிப்பைச் சேர்த்துத் தைச்சாள். அதுக்குள்ள ரெண்டு ஸ்ரீபன் போகலாம். உள்ளுக்கு நெஞ்சிலயும் முதுகிலயும் சாக்கு மடிச்சு வைச்சிருந்துது. ஏனப்பா எண்டு கேட்டன். சவுக்கால அடிக்கிற சேவகனா நடிக்கிறது தன்ர தம்பி எண்டாள். அவன் ஒருக்காப் பாத்திரத்துக்குள்ள போனால் லேசில வெளியில வரமாட்டான் எண்டு ஊருக்கே தெரியும். நோகும் எண்டு சாக்கு வைச்சுத் தைச்சிருக்கிறாளே! பதினாலு வருசமா இவளை நான் விளங்கிக்கொள்ளேல்லை எண்டு நெஞ்சு உருகிப் போச்சு.

பெரிய வியாழனுக்கு மாமியின்ர காலைக் கழுவச் சொன்னாள். யேசுநாதர் சீடர்மாரின்ர காலைக் கழுவினவர்தானே எண்டு நியாயமும் சொன்னாள். மாமி கதிரையில இருந்து ரெண்டு காலையும் நீட்டினா. தண்ணி குளிருதெண்டா, சுட வைச்சுக் கொண்டு வந்தன். கழுவிக்கொண்டு இருக்கேக்க, "மருமோன், உங்கட கை எலும்பு குத்துது," எண்டா. நாளைக்கு எலும்பின்ர பெருமை தெரியும் எண்டு மனதுக்குள்ள நினைச்சுக்கொண்டு துடைச்சு விட்டன்.

பெரிய வெள்ளி. பின்னேர வழிபாடு முடிஞ்சு, பொழுது சாயத் துவங்க, கோயில் வளவில பாஸ்கு துவங்கிச்சுது. வீட்டுக்கு ஒரு பேணி மண்ணெண்ணெய் சேர்த்து ஒரேயொரு பெற்றோமக்ஸ் கொளுத்தியிருந்தவை. சனமெண்டால் சரியான சனம். முன் வரிசையில மார்கிறட், பக்கத்தில மாமி, அந்தப் பக்கம் பிலோமினாக்கா.

நான் நல்லாத்தான் நடிச்சன். ஒலிவத் தோட்டத்தில செபிச்சன், பிடிபட்டன், பிலாத்துவுக்கு முன்னால தலையைக் குனிஞ்சு நிண்டன். மச்சான் உண்மையாவே அடிச்சான், சாக்கு காப்பாத்திச்சுது. பாரச் சிலுவையோட மூண்டு தரம் விழுந்தன். சனம் விம்மிற சத்தம் கேட்டுது. இவ்வளவுக்கே அழுகினமே, இன்னும் எலும்பைக் காணேல்லை எண்டு நினைச்சன். கல்வாரிக் காட்சிக்குத் திரை விழுந்துது. ஓடிப் போய்த் திரைக்குப் பின்னால அங்கியைக் கழட்டினன், சாக்கைக் கழட்டினன், பன்ரண்டு எலும்போடயும் சிலுவையடிக்கு வந்து நிமிர்ந்து பார்த்தன்.

சிலுவையில ஏற்கெனவே ஆள்.

கண்ணைக் கசக்கிப் போட்டுத் திரும்பப் பார்த்தன். கோயில் சுரூபம். இடம்பெயரேக்க மாட்டு வண்டிலில ஏத்திக்கொண்டு வந்து பத்து வருசமாப் பெட்டிக்குள்ள கிடந்த, ஆளளவு மரச் சுரூபம். தலையில தும்பு முடி, முள்முடி. செய்தவன் நல்ல காலத்தில செய்தவனாக்கும். நல்ல தொடை, நல்ல புயம், கன்னத்தில கூடச் சதை.

"இது ஆர்?" எண்டு கேட்டன்.

அண்ணாவியார் வந்து என்ர ரெண்டு கையையும் பிடிச்சார். ஆளின்ர கண்ணில தண்ணி. "ஸ்ரீபன், மார்கிறட் முந்தநாள் புதன்கிழமை எல்லாம் சொன்னவள். உன்ர தாழ்மை ஆருக்கடா வரும்?"

பிறகுதான் விசயம் விளங்கிச்சுது. மார்கிறட் புதன்கிழமை சுவாமியிட்டயும் அண்ணாவியாரிட்டயும் போயிருக்கிறாள். நாப்பது நாள் ஒறுத்தலில இவரின்ர மனம் மாறிப் போச்சாம். நான் பெரிய பாவி, ஆண்டவரின்ர சிலுவையில என்ர உடம்பு ஏறத் தகுதியில்லை எண்டு தனிய இருந்து அழுகிறாராம். வெளியில சொல்ல வெக்கப்படுறாராம். இதைப் பற்றி அவரிட்ட ஒண்டும் கேக்க வேண்டாம், கேட்டால் இன்னும் அழுவாராம். நான் கூரை வேய்ஞ்சதும் தண்ணி அள்ளினதும் கன்னம் காட்டினதும் அவைக்கு முதலே தெரியும், அதால நம்பாமல் விடேலாது. மற்ற நடிகர்மாரிட்டயும் அண்ணாவியார் சத்தியம் வாங்கியிருந்தார், வெளியில சொன்னால் தாழ்மையின்ர பலன் போயிடுமாம். சுரூபம் தொங்க, நான் திரைக்குப் பின்னால நிண்டு வசனம் சொன்னால் போதுமாம்.

அது பொய் எண்டு சொல்ல வாயைத் திறந்தன். சுவாமி வந்து என்ர தலையில கையை வைச்சு ஆசீர்வதிச்சார். வாயை மூடினன்.

திரை விலகிச்சுது. சாம்பிராணிப் புகை, கீழ பெற்றோமக்ஸ் வெளிச்சம், மேல தலை சாஞ்ச சுரூபம், பின்னால நான். சிலுவையில முதல் வசனம் மன்னிக்கச் சொல்லிக் கேக்கிறது, என்ன செய்யிறம் எண்டு தெரியாமல் செய்யிற ஆக்களுக்காக. மார்கிறட் தெரிஞ்சுதான் செய்தவள், அவளை இதுக்குள்ள சேர்க்கலாமோ எண்டு எனக்கு ஒரு பெரிய சந்தேகம். அந்தச் சந்தேகத்தோடதான் ஏழு வசனமும் சொன்னன். தாகமா இருக்கு எண்டன், உண்மையாவே தாகம். ஈட்டியில கடற்பஞ்சைக் குத்திச் சுரூபத்துக்குக் குடுத்தாங்கள். வளவு முழுக்க அழுத சத்தம், என்னையும் சேர்த்து.

எல்லாம் முடிஞ்சு திரை மூட, சட்டையைப் போட்டுக்கொண்டு வேலிப் பக்கத்தால சுத்தி வந்தன். பிலோமினாக்கா மார்கிறட்டின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டா. அவையளைச் சுத்தி ஒரு பத்துப் பொம்பிளையள்.

"பிள்ளை, என்னை மன்னிச்சுக்கொள். ஸ்ரீபன் இவ்வளவு உடம்பு வைச்சிருக்கிறான் எண்டு எனக்குத் தெரியாமல் போச்சு. என்ன தொடை, என்ன புயம்! என்னத்தைக் குடுத்தனீ?"

"என்னத்தையக்கா, வீட்டுச் சாப்பாடுதான்," எண்டாள் மார்கிறட்.

மாமி தலையை நிமித்திக்கொண்டு நிண்டா. அளம்பில் சனம் ஓம் ஓம் எண்டு தலையாட்டிச்சுது. இதுக்கு மேலயும் பொறுக்கேலாதெண்டு நான் வெளிச்சத்துக்குள்ள போய் அவைக்கு முன்னால நேர நிண்டன். பாருங்கோ, இதுதான் ஸ்ரீபன், மற்றது மரம் எண்டு சொல்லத்தான் போனன். பிலோமினாக்கா என்னைக் கண்டா. மேல இருந்து கீழ பார்த்தா. அவாவின்ர கை தன்னால நெஞ்சுக்குப் போச்சு.

"ஐயோ ஆண்டவரே, ஒரு மணித்தியாலம் சிலுவையில தொங்கினதுக்கு மனுசன் இப்பிடி வத்திப் போச்சே!"

பத்துப் பொம்பிளையளும் ஒரே நேரத்தில சிலுவை அடையாளம் போட்டினம். கெதியாக் கூட்டிக்கொண்டு போய்ச் சாப்பாடு குடு பிள்ளை எண்டு மார்கிறட்டைத் தள்ளி விட்டினம். எவ்வளவு பாடுபட்டு வளர்த்த உடம்பு, பாவம் மார்கிறட் எண்டு மாமிக்கு ஆறுதல் வேற சொல்லிச்சினம்.

வீட்டுக்குப் போற வழியில மார்கிறட் எனக்குப் பக்கத்தில நடந்தாள். நாலடி தள்ளியில்லை, பக்கத்தில. நான் நாப்பது நாள் சேர்த்து வைச்ச கோவம் முழுக்க நெஞ்சுக்குள்ள கொதிச்சுது. படலையடியில நிண்டு திரும்பினன்.

"எனக்கு வாழ்க்கையில கிடைச்ச ஒரேயொரு மரியாதை அது, தெரியுமோ?"

"தெரியும்," எண்டாள். "பதினாலு வருசமா ஒவ்வொரு ஞாயிறும் என்னைக் கேட்டதுகள். நான் எத்தினை நாள் குசினிக்குள்ள இருந்து அழுதிருப்பன். இண்டைக்குத்தான் ஒருத்தரும் என்னைக் கேக்கேல்லை."

பகிடி எண்டு நான் சிரிச்சுக்கொண்டு திரிஞ்ச பதினாலு வருசமும் அவள் அழுதிருக்கிறாள் எண்டது எனக்குப் பெரிய அதிர்ச்சியாப் போச்சு. சிலுவையில சுரூபம் கிடந்ததை விடப் பெரிய அதிர்ச்சி. பாவம் எண்டு நினைச்சன். ஆனாலும் ஒரு சின்னக் கோவமாவது கோவிச்சு, ஒரு பீடியாவது பத்துவம் எண்டு சட்டைப் பொக்கற்றுக்குள்ள கையை விட்டன்.

"உயிர்த்த ஞாயிறுக்கு இன்னும் ரெண்டு நாள் கிடக்கு," எண்டு சொல்லிப் போட்டு, தண்ணிக் குடத்தை எடுத்து என்ர மற்றக் கையில தந்தாள்.